வீட்டில் ஒரு சர்வர் பெட்டகம்

உளுந்தூர்பேட்டை என்னும் பெயரைக் கேட்டவுடன் பெரும்பாலோர் நினைவில் எழுவது ஒரு கூட்டுச் சாலை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையோடு சேலத்துச் சாலை வந்து கலக்கும் இடம் அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவ்வூரைக் கடந்து சென்றவர் பல்லாயிரவர். இறங்கி ஊரைப் பார்த்தவர் சிலரே. இந்த வாகனப் போக்குவரத்தோடு வேறொரு போக்குவரத்தும் நம் நாட்டில் நடைபெறுகின்றது. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பெருஞ்சாலைகளின் ஓரத்திலும் இருப்புப்பாதைகளின் ஓரத்திலும் மண்ணுக்கடியில் கண்ணாடி இழை வடங்கள் புதைந்து கிடக்கின்றன. அவற்றின் வழியே கடிதங்களும் படங்களும் பாட்டுகளும் கணக்குகளும் ஒளியாக மாறி ஓடுகின்றன. அவையும், நம் வண்டிகளைப் போலவே, எங்கிருந்தோ வந்து எங்கோ செல்கின்றன. நம் ஊரில் தங்குவதில்லை.

நம் வீட்டுத் திருமணப் படம், பாட்டனார் எழுதிய கணக்கு நோட்டு, பத்திரத்தின் நகல் ஆகியவற்றை நாம் கைப்பேசியில் படமெடுத்து வைக்கின்றோம். பிறகு அவை எங்கே இருக்கின்றன? ‘மேகத்தில்’ என்று கூறுவது இக்கால வழக்கு. மேகம் என்பது வெறும் உவமை. மெய்யாகவே அவை ஏதோ ஒரு தொலைவூரில், குளிர்ந்த கட்டடம் ஒன்றில், இரும்பு நிலைகளில் அடுக்கப்பட்ட யந்திரங்களில் உறைகின்றன. அத்தகைய நிலை ஒன்றைச் சிறிய அளவில் நம் வீட்டிலேயே அமைத்துக்கொள்ள இயலுமா, அமைப்பதாயின் உளுந்தூர்பேட்டை போன்ற ஊரில் எவற்றைக் கருத வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘சர்வர்’ என்றால் தமிழ்நாட்டில் யாவருக்கும் சிற்றுண்டிச்சாலையே கண்முன் தோன்றும். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், நாகேஷ் அடுக்கடுக்காகக் கோப்பைகளைச் சுமந்து வந்த காட்சியை இன்றும் பேசுவோர் உண்டு. கணிப்பொறி உலகத்துச் சர்வர் செய்யும் தொழிலும் அதுவே. கேட்பவர் கேட்டதைக் கொண்டுவந்து தருவது. கேட்கும் வரையில் காத்து நிற்பது. தமிழில் இதற்கு ‘வழங்கி’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். ஆயினும் கடைத்தெருவில் சர்வர் என்று சொன்னால்தான் கிடைக்கும்; ஆதலின் நானும் அப்படியே சொல்கின்றேன். அந்த யந்திரங்களை அடுக்கி வைக்கும் இரும்பு நிலைக்கு ‘ரேக்’ என்று பெயர். கதவும் பக்கத் தகடுகளும் சேர்ந்தால் அது பெட்டகம் ஆகிவிடுகின்றது.

இப்பெட்டகத்தின் வரலாறு சுவையானது. இது கணிப்பொறிக்காகப் பிறந்ததன்று, தொலைபேசிக்காகப் பிறந்தது. ஏறத்தாழ 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தார், தம் தொலைபேசி நிலையங்களில் கருவிகள் அடைத்துக்கொண்ட இடத்தைக் குறைக்க எண்ணினர். எல்லாக் கருவிகளின் முகப்புத் தகடும் 19 அங்குல அகலம், உயரமோ 1¾ அங்குலத்தின் மடங்கு என்று விதி செய்தனர். இந்த 1¾ அங்குலத்தை, அதாவது 44.45 மில்லிமீட்டரை, ஒரு ‘யூனிட்’ என்பர். வானொலி நிலையங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் பின்னர் கணிப்பொறி நிலையங்களும் அதே அளவைக் கைக்கொண்டன. நம் நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினால் படியையும் வீசையையும் அங்குலத்தையும் விடுத்து மெட்ரிக் முறைக்கு வந்தது. இந்த இரும்புப் பெட்டகம் மட்டும் அங்குலத்தை விட்டபாடில்லை. நூறாண்டுக்கு முன் விதித்த அளவில் இன்று வாங்கிய கருவியும் பொருந்துகின்றதென்றால், விதித்தவர்களின் முன்னோக்கை வியக்கத்தான் வேண்டும்.

பெரிய நிலையங்களில் காணப்படுவது 42 யூனிட் பெட்டகம். 42ஐ 44.45ஆல் பெருக்கிப் பாருங்கள்; சட்டத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். வீட்டில் அதை நிறுத்துவது, தேரை முற்றத்தில் நிறுத்துவது போன்றது. இல்லத்துக்கு 6 அல்லது 9 யூனிட் உயரமுள்ள சுவர்ப் பெட்டகமே போதும்.

‘நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒன்றை யார் பார்த்திருக்கின்றனர்?’ என்று நீங்கள் வினவலாம். பலர் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க வேண்டுமென்று பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டு, தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனத்தின் வாயிலாக நிறைவேற்றப்படுகின்றது. அதற்காக ஊராட்சிக் கட்டடங்களில் சிறு ரேக், அதனுள் ரூட்டர், துணைக்கு யு.பி.எஸ். ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. வடத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் செல்வதில்லை. மின்கம்பங்களின் மீதே செல்கின்றது. கல்வராயன் மலை போன்ற பாறை நிலத்தில் பள்ளம் தோண்டுவதைக் காட்டிலும் கம்பத்தில் கட்டுவது எளிது என்பது சொல்லாமலே விளங்கும். இத்திட்டத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியர்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகின்றது: ‘இந்த வடத்தில் உலோகம் ஏதும் இல்லை, இதை விற்க இயலாது, வெட்டாதீர்கள்’ என்பதே அதன் கருத்து. செம்பு என்று எண்ணிக் கண்ணாடியை வெட்டியவர்கள் இருந்தமையால்தானே இவ்வாறு எழுத நேர்ந்தது! ஊர் முழுவதற்கும் செய்தி வரும் வழியை, அதன் தன்மை அறியாத ஒரு கத்தி ஒரு நொடியில் அடைத்துவிடக்கூடும். ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் பூட்டிக் கிடக்கும் அந்தச் சிறு பெட்டகத்தை ஒருமுறை அனுமதி பெற்றுத் திறந்து பாருங்கள். நான் கூறப்போகும் செய்திகளில் பாதி அதனுள்ளேயே இருக்கின்றது.

இனி, ஏன் வீட்டில் வேண்டும் என்னும் கேள்வி. பொழுதுபோக்கிற்காக அமைப்பவர்கள் இருக்கின்றனர், அதிலும் குற்றமில்லை. கணிப்பொறி பயிலும் கல்லூரி மாணவன் ஒருவன், ஏட்டில் படித்ததைத் தன் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல கூடம் இல்லை. ஆனால் என் மனத்தில் முன்நிற்கும் காரணம் வேறு. நம் வீடுகளில் உள்ள பழங்காகிதங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. சிட்டா, பழைய பத்திரம், மருத்துவக் குறிப்பு, கோயில் திருவிழா அழைப்பிதழ், நாடகக் கம்பெனி நோட்டீசு, கிராமத்துப் பெரியவர் தம் கைப்பட எழுதிய மழைக் கணக்கு – இவற்றைக் கரையான் தின்கின்றது. கரையான் விட்டதை வெள்ளம் கொண்டுசெல்கின்றது. வெள்ளமும் விட்டதை, வீடு வெள்ளையடிக்கும் நாளில் நாமே எடைக்குப் போடுகின்றோம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். பிறர் குப்பையென்று எண்ணிய அச்சுத்தாள்களையும் நூல்களையும் இதழ்களையும் தம் இல்லத்தில் சேர்த்துச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தபோது அங்கே ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்று, அதைக் கடல் கடந்து கொண்டுசெல்லாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்ற வழி செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அந்நூலகத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. ஒரு வீட்டில் தொடங்கிய வேலை அது. நம்மால் 1 லட்சம் நூல்களைச் சேர்க்க இயலாது. ஆனால் நம் தெருவில் இருக்கும் காகிதங்களைப் படமெடுத்து வைக்க இயலும். கணக்குப் பாருங்கள். ஒரு பக்கத்தின் தெளிவான படம் ஏறத்தாழ 5 மெகாபைட். 200 பக்க நோட்டு ஒன்று 1 ஜிகாபைட். 4 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரே தட்டில் அத்தகைய நோட்டுகள் 4000 அடங்கும். நம் தெருவில் அவ்வளவு நோட்டுகள் கிடையா.

பெட்டகத்தை எந்த இடத்தில் வைப்பது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேற்குச் சுவர் ஆகாது. பிற்பகல் வெயில் முழுவதையும் அது வாங்கி இரவு வரை வெளிவிடும். மாடியின் மேல் அறை, அதிலும் தளத்தின் அடியில் உள்ள அறை, அடுப்பைப் போன்றது. சமையலறையில் எண்ணெய்ப் புகை உண்டு. பூசையறை தூய்மையான இடமே. எனினும் கற்பூரக் கரியும் ஊதுபத்திச் சாம்பலும் கருவிகளுக்கு உகந்தவை அல்ல. தண்ணீர்த் தொட்டியின் குழாய் செல்லும் சுவரை நெருங்கவே வேண்டாம். கீழ்த்தளத்தில், வடக்குப் பக்கத்தில், காற்று வந்து போகும் அறையே சிறந்தது. படுக்கையறையில் வைப்பதா என்றால், அது நீங்கள் வாங்கும் யந்திரத்தைப் பொறுத்தது. சென்னை ரிச்சித் தெருவில், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய சர்வர்கள் மலிவாகக் கிடைக்கும். ஒரே யூனிட் உயரமுள்ள அவற்றில் 40 மில்லிமீட்டர் அகலமான குறுவிசிறிகள் வரிசையாக இருக்கும். சிறு விசிறி போதிய காற்றைத் தள்ள வேண்டுமாயின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேலாகச் சுழல வேண்டியிருக்கும். அதன் ஓலத்தில் வீட்டார் ஒருவரும் உறங்க முடியாது. பாலுக்கு அழும் குழந்தையை அமர்த்தலாம். இதை அமர்த்த இயலாது.

உஷ்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கணிப்பொறி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிவருகின்றது. 60 வாட் மின்சாரம் உண்ணும் ஒரு சிறு சர்வர், உஷ்ணத்தைப் பொறுத்த வரையில், அலமாரிக்குள் இரவும் பகலும் எரியும் 60 வாட் குண்டு விளக்கே. ஒரு கன மீட்டர் காற்றை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 1150 ஜூல் ஆற்றல் வேண்டும். வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிட 5 பாகைக்கு மேல் சூடாகலாகாது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்று 5750 ஜூலை ஏற்றுச் செல்லும். விநாடிக்கு 60 ஜூல் வெளியேற, விநாடிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் காற்று பெட்டகத்தினூடே செல்ல வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்றே இவ்வளவைத் தந்துவிடும். பள்ளியில் படிக்கும் வெப்ப எண் பாடத்திற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஆனால் விசிறியைப் பற்றி ஒன்றை மறக்கலாகாது. விசிறி காற்றை மாற்றுமேயன்றிக் குளிரச் செய்யாது. அக்கினி நட்சத்திர நாட்களில் அறையின் காற்றே 38 பாகை செல்சியசில் இருந்தால், பெட்டகத்தினுள் 43க்குக் குறைய வழியில்லை. பெரிய நிலையங்களில் யந்திரத்துக்குள் புகும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருப்பது நலம் என்பது குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. உளுந்தூர்பேட்டையில் மே மாதத்தில் அதை நினைப்பதும் கூடாது. அதற்காக அறை முழுவதையும் குளிரூட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். குறைவாக உண்ணும் யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே தக்கது.

இந்த வழியை நம் நாட்டார் முன்னரே கண்டிருக்கின்றனர். 1984ஆம் ஆண்டில் மைய அரசு சி-டாட் என்னும் தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தியது. அக்காலத்து மின்னணுத் தொலைபேசி நிலையங்களுக்குக் குளிர்சாதன அறையும் தூசியற்ற கட்டடமும் தேவைப்பட்டன. நம் கிராமங்களில் இவை இரண்டும் கிடையா, மின்சாரமும் நிலையில்லை. அந்நிறுவனத்துப் பொறியாளர்கள் கிராமத்தை மாற்ற முனையவில்லை, யந்திரத்தை மாற்றினர். மின்சாரம் குறைவாக உண்டு, அதனால் உஷ்ணமும் குறைவாக வெளியிட்டு, குளிர்சாதனம் இன்றியே இயங்கும் 128 இணைப்புகள் கொண்ட நிலையத்தை வடிவமைத்தனர். அது 1986இல் கருநாடக மாநிலத்துக் கிட்டூரில் நிறுவப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. கிராமத்துத் தெருக்களில் மஞ்சள் நிறத் தொலைபேசிச் சாவடிகள் தோன்றியதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம். வீட்டில் பெட்டகம் அமைக்க முற்படும் மாணவருக்கு, வெளிநாட்டுப் படங்களில் காணும் வண்ண விளக்குகளைவிடக் கிட்டூரின் பாடமே பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

காற்று கீழே புகுந்து மேலே வெளியேற வேண்டும். சூடான காற்று இயல்பாகவே மேலெழும். முகப்பில் கண்ணாடிக் கதவு பார்வைக்கு அழகு. துளையிட்ட தகட்டுக் கதவோ பயனுக்கு அழகு. நெல் அடிக்கும் காலத்திலும் மணிலா உடைக்கும் காலத்திலும் எழும் தூசி உள்ளே செல்லாதிருக்க, காற்று புகும் வாயிலில் பஞ்சுத் தடுப்பு வைத்து அடிக்கடி கழுவிப் போட வேண்டும். வெற்றாக விட்ட யூனிட்டுகளைத் தகட்டால் மூடுங்கள். இல்லையேல் பின்பக்கத்துச் சூடான காற்று அவ்வழியே முன்பக்கம் வந்து மறுபடியும் யந்திரத்துக்குள் புகும். வடம் நுழையும் துளைகளில் இடைவெளி விடலாகாது. எறும்பும் பல்லியும் சூட்டை நாடி வரும். எலியோ நாடி வருவதற்குக் காரணமே வேண்டியதில்லை.

அடுத்தது மின்சாரம். 60 வாட் என்பது நாளொன்றுக்கு 1.44 யூனிட். நம் மின்வாரியம் இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கின்றது. 60 நாளுக்கு 86 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகின்றது. 2016ஆம் ஆண்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டதன்றோ? இச்சிறு யந்திரம் ஒன்றே அச்சலுகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ரிச்சித் தெருவிலிருந்து மலிவாக வாங்கிய 200 வாட் யந்திரமாயின் 288 யூனிட். வாங்கிய விலையை மின்கட்டணமாக மறுபடியும் மறுபடியும் செலுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டுச் செலவை நடத்துபவர் உங்கள் அன்னையாராயின், இந்தக் கணக்கை முதலில் அவரிடம் காட்டிவிட்டுப் பிறகு யந்திரத்தை வாங்குங்கள்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் பல ஊர்களில் பகலின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமலே கழிந்தது. அந்நாளில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1800 வாட்-மணி ஆற்றல் அடங்கும். மின்கலம் நெடுநாள் உழைக்க அதில் பாதியை மட்டும் பயன்படுத்தி, மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதையும் கழித்தால் மிஞ்சுவது 720 வாட்-மணி. 60 வாட் யந்திரம் 12 மணி நேரம் ஓடும். சாதாரண வெட்டுக்கு இது மிகுதி. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயலைப் போன்ற பேரிடர் நேர்ந்தால் எந்த மின்கலமும் போதாது. அப்போது யந்திரத்தை ஒழுங்காக நிறுத்திவைப்பதற்கு நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. ஈய-அமில மின்கலத்தைப் பெட்டகத்தினுள் வைக்கலாகாது. அது மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வெளியேறும்; காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே இருக்கட்டும்.

மின்சாரம் இல்லாமையைவிட மின்சாரம் மிகுந்து வருவது கொடியது. சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் இப்பகுதியில் இடி மின்னல் கடுமை. பெட்டகத்தின் உடல், கதவு, பக்கத் தகடு எல்லாவற்றையும் பச்சை-மஞ்சள் கம்பியால் இணைத்து வீட்டின் எர்த்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த எர்த்து மெய்யாகவே எர்த்தாக இருக்கின்றதா என்று மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். 5 ஓமுக்குக் கீழே இருப்பது நலம். கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாயைச் சுற்றியுள்ள மண் பங்குனிக்குப் பின் வறண்டுவிடும். வறண்ட மண் மின்சாரத்தை ஏற்காது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது, செடிக்கு ஊற்றுவது போலவே பயனுள்ள செயல். இணையம் செம்புக் கம்பியில் வந்த நாட்களில் மின்னல் அவ்வழியும் உள்ளே புகுந்து கருவிகளைக் கெடுத்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாய்வதில்லை. அந்த ஒரு வாயில் இயற்கையாகவே அடைபட்டுவிட்டது.

பெட்டகத்தைப் பொருத்தும் வேலை எளிது. செங்கல் சுவரில் நான்கு விரிவு போல்ட்டுகளை இறக்கி மாட்ட வேண்டும். மண்சுவரானால் மாட்டவே வேண்டாம். தரையில் மேடை கட்டி அதன்மீது நிறுத்துங்கள். தூண்களிலுள்ள சதுரத் துளைகள் சமதூரத்தில் இல்லாமையைக் கண்டு மாணவர்கள் வியப்பதுண்டு. ஒரு யூனிட்டுக்கு மூன்று துளைகள். அவற்றின் இடைவெளி 15.875, 15.875, 12.7 மில்லிமீட்டர் என்று மாறி மாறி வரும். குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூனிட் முடிந்து அடுத்தது தொடங்குகின்றது. இதை அறியாமல் ஒரு துளை தள்ளி மாட்டினால் மேலே வரும் கருவி எதுவும் பொருந்தாது. துளையில் கேஜ் நட்டை உள்ளிருந்து அழுத்திப் பொருத்தி, அதன் பிறகே திருகாணியை ஏற்ற வேண்டும். பளுவான யு.பி.எஸ். அடியில், அதன் மேல் தட்டுகளைக் கொண்ட யந்திரம், அதற்கும் மேல் சுவிட்ச்சும் ரூட்டரும்.

வடங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதை வீண் வேலை என்று எண்ணுவோர் பலர். உளுந்தூர்பேட்டைக்காரர் அவ்வாறு எண்ணலாகாது. இங்குள்ள உளுந்தாண்டவர் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. மிளகு மூட்டைகளை ஏற்றி வந்த வணிகன் ஒருவன், முதியவராக வந்து மிளகு கேட்ட இறைவனிடம், ‘இது மிளகன்று, உளுந்து’ என்று பொய் கூறினானாம். மூட்டையை அவிழ்த்தபோது அத்தனையும் உளுந்தாகவே இருந்ததாம். நம் பெட்டகத்தில் இறைவன் வந்து சோதிக்க மாட்டார். ஆயினும் ‘இணையம்’ என்று சீட்டு ஒட்டிய வடம் தட்டுக்குச் செல்லுமாயின், நள்ளிரவில் அதைப் பிடுங்குபவருக்கு மிளகு உளுந்தான கதைதான். வடத்தின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். அவ்வெண்களின் அட்டவணையைக் கதவின் உட்பக்கத்தில், காகிதத்தில், கையால் எழுதி ஒட்டுங்கள். யந்திரம் நின்றுபோன நேரத்தில் யந்திரத்துக்குள் இருக்கும் அட்டவணையைப் படிக்க முடியாதல்லவா?

வெளியுலகத்துக்கு இந்த யந்திரத்தைத் திறந்துவிட ஆவல் தோன்றும். சிறிது காலம் பொறுங்கள். இணையத்தில் திறந்த கதவு எது என்று தேடித் திரியும் நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. பத்திரமும் மருத்துவக் குறிப்பும் அடங்கிய பெட்டகத்தை வீட்டுக்குள்ளே மட்டும் வழங்குமாறு வைத்துக்கொள்வதே முதலாண்டுக்கு ஏற்றது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. ஒரே யந்திரத்தில் இரண்டு தட்டுகளை வைத்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்யும் முறை உண்டு. ஒரு தட்டு பழுதானால் மற்றது காக்கும். ஆனால் தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். திருடன் கொண்டுபோனால் இரண்டும் போகும். வெள்ளம் வந்தாலும் அவ்வாறே. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுவை அருகே கரையேறிய பெஞ்சல் புயலை எண்ணிப் பாருங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்கள் ஒருங்கே வெள்ளக்காடாயின. உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே அரசூர்ப் பக்கத்தில் பெருஞ்சாலையின் மேலேயே நீர் பாய்ந்து, சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே வண்டிகள் நின்றன. அன்று தரையில் இருந்த பொருள் எதுவும் நனையாமல் தப்பியிருந்தால் அது தற்செயலே. ஆதலின் பெட்டகம் இடுப்புயரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கெடிலத்தின் கரையில் உள்ளவர், கோமுகியின் கரையிலுள்ள கள்ளக்குறிச்சியில் தம் அண்ணன் வீட்டில் ஒரு பிரதி வைப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் பெஞ்சல் புயலில் இரு ஆற்றுப் பகுதிகளும் சேர்ந்தே நனைந்தன. மூன்றாவது பிரதி ஒன்று கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது முதல், உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்களால் நடந்து வருகின்றது. ஒரு நூலைப் பலர் பல இடங்களில் வைத்திருப்பதே அதன் காப்பு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் எரிந்தன. ஈழத்தமிழர் 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கியபோது அந்தச் சாம்பலை அவர்கள் மறந்திருக்கவில்லை.

பிரதி எடுத்துவிட்டோம் என்று இருந்துவிடவும் கூடாது. எடுத்த பிரதி திறக்கின்றதா என்று பார்க்க வேண்டும். திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், தூசித் தடுப்பைக் கழற்றிக் கழுவப் போட்டுவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகின்றது என்று சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதுங்கள். மின்சாரத்தைப் போட்ட பிறகு, அண்ணன் வீட்டுப் பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு நோட்டின் 117ஆம் பக்கத்தை வரவழைத்துப் பாருங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், அன்று ஞாயிற்றுக்கிழமை. சரிசெய்வதற்கு மாலை வரை நேரம் இருக்கின்றது.